சக்கரத்தில் பிறக்கும் பூச்சாடி



மட்கலம் வனையும் கலையைப் பற்றி இத்திங்கள் எழுத முற்படுகிறோம். நம் வாசகக் குடும்பம் ஒன்றிலிருந்து வந்த கடிதமே இதற்குக் காரணம். கல்லூரிப் படிப்பை முடித்த அவர்களுடைய மகள், அலுவலக வேலை எதற்கும் விண்ணப்பிக்காமல், சக்கரத்தில் அலங்காரக் கலங்கள் வனையும் தொழிலைக் கற்கப் போவதாகக் கூறுகிறாளாம். "இத்தனை ஆண்டு படிக்க வைத்தது மண் பிசைவதற்கா?" என்று தந்தை வருந்துகிறார். "பிள்ளை மனமுவந்து செய்ய விரும்பும் வேலையை ஏன் தடுக்க வேண்டும்?" என்று தாய் கேட்கிறார். இருவரும் நம் கருத்தை வேண்டியுள்ளனர். ஒருபுறம் சாய்ந்து தீர்ப்புக் கூறுமுன், அத்தொழில் எத்தகையது, கற்பவரிடம் அது கேட்பது யாது, கொடுப்பது யாது என்று ஆராய்வதே முறையன்றோ?

தொன்மையான தொழில்

குயவர் தொழில் நம் நாட்டில் நேற்று முளைத்ததன்று. சங்க நூல்கள் குயவரை 'வேட்கோ' என்னும் மதிப்புமிக்க பெயரால் சுட்டுகின்றன. புறநானூற்றின் 256-ஆம் பாடலில், கணவனை இழந்த பெண்ணொருத்தி அவ்வூர்க் குயவரிடம் ஒரு வேண்டுகோள் விடுக்கிறாள். அவனுக்காக வனையும் ஈமத்தாழியைத் தனக்கும் அதில் இடம் இருக்குமாறு அகலமாக வனைய வேண்டும் என்பதே அது. சோறாக்கும் பானை முதல் அடக்கம் செய்யும் தாழி வரை அனைத்தும் அக்காலத்தில் அவர் கையிலிருந்தே வந்தன.

அலங்காரமும் புதியதன்று. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தியபோது, உரோமை நாட்டுக் கலங்களின் துண்டுகளோடு, உள்ளடியில் வட்ட வட்டமாகச் சிறு குழிக்கோலங்கள் பதிக்கப்பெற்ற மெல்லிய தட்டுகளின் துண்டுகளும் கிடைத்தன. அக்கோலம் இல்லாவிடினும் தட்டு தட்டாகவே பயன்பட்டிருக்கும். எனினும் வனைந்தவர் அதை வெறுமையாக விட விரும்பவில்லை. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் பயனோடு அழகையும் நாடினர் என்பதற்கு அத்துண்டுகள் சான்று.

மறைநூலும் இத்தொழிலை நன்கறியும். ஆதியாகமத்தில் இறைவன் மனிதனை மண்ணால் உருவாக்கியதைக் குறிக்கும் எபிரேய வினைச்சொல்லும், குயவரைக் குறிக்கும் எபிரேயப் பெயர்ச்சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பெற்ற சீராக் நூலின் 38-ஆம் அதிகாரம், காலால் சக்கரத்தைச் சுழற்றுவதையும், கையால் களிமண்ணுக்கு வடிவம் தருவதையும், மெருகிடுவதில் மனத்தைச் செலுத்துவதையும், சூளையைக் கருத்தோடு பேணுவதையும் வரிசையாகக் கூறுகிறது. இத்தகைய தொழிலாளர் இல்லாமல் எந்த நகரிலும் மக்கள் குடியிருக்க இயலாது என்றும் அவ்வதிகாரம் ஒப்புக்கொள்கிறது. மண் பிசைதல் இழிவான தொழில் என்னும் எண்ணம் மறைநூலிலிருந்து நமக்கு வந்ததன்று. சாதிப் பிரிவினையிலிருந்து வந்தது அது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அவ்வெண்ணம் ஆகாது.

சக்கரத்தின் முன்னே

இனி, கலம் பிறக்கும் விதத்தைக் காண்போம்.

முதல் வேலை பிசைதல். கல்லும் வேரும் நீக்கி, ஊற வைத்துப் பதப்படுத்திய களிமண்ணைச் சப்பாத்தி மாவு பிசைவதுபோல் பலமுறை அழுத்தி மடித்துப் பிசைவார்கள். மண் முழுவதும் ஒரே பதமாக இருக்க வேண்டும். ஓரிடம் இறுகியும் ஓரிடம் குழைந்தும் இருந்தாலோ, உள்ளே காற்றுக் குமிழ் சிக்கியிருந்தாலோ, சுவர் எழும்பும்போது கை அதை உணரும், கலம் கோணிவிடும்.

இரண்டாவது வேலை மண்ணைச் சக்கரத்தின் நடுவில் நிலைநிறுத்துதல். காண்போருக்கு இஃது எளிதாகத் தோன்றும். கற்போருக்கோ இதுவே முதற் சோதனை. சுழலும் சக்கரத்தின்மேல் அறையப்பட்ட மண்கட்டி எப்போதும் ஒருபுறம் தள்ளிக்கொண்டே இருக்கும். முழங்கையைத் தொடையிலோ இடுப்பிலோ ஊன்றி, நனைந்த உள்ளங்கையால் அதை மேலே கூம்பாக எழுப்பியும், மீண்டும் கீழே அமுக்கியும், அசைவற்ற நிலைக்குக் கொண்டுவர வேண்டும். முரட்டு வலிமை இதற்கு உதவாது. மண்ணோடு சேர்ந்து கையும் ஆடினால் மண் மேலும் ஆடும். கை அசையாது நின்றால், சிறிது நேரத்தில் மண் தானே அடங்கும். சரியாக நடுவில் நின்ற மண், வேகமாகச் சுழன்றாலும் சுழலாதது போலவே தோன்றும். இந்த ஒன்றைக் கைவரப் பெறுவதற்கே பலருக்குப் பல வாரங்கள் ஆகின்றன.

அதன்பின் கட்டை விரலால் நடுவே குழித்து, அடிப்பாகத்தை ஒரு விரற்கடை கனத்துக்கு விட்டு, சுவரை எழுப்பத் தொடங்குவார்கள். ஒரு கை உள்ளே, மற்றொரு கை வெளியே. இரண்டுக்கும் இடையில் மண் மெலிந்து உயர்கிறது. பூச்சாடி வனைவோர் முதலில் நேரான உருளையாகவே எழுப்புவர். பின்னர் உட்கையால் மெல்லத் தள்ளி வயிற்றை விரிப்பர்; இரு கைகளாலும் வெளியிலிருந்து அணைத்துக் கழுத்தைக் குறுக்குவர்; இறுதியாக விளிம்பை ஈரத்துணியாலோ தோல் துண்டாலோ அழுத்தி வழவழப்பாக்குவர். வாய், கழுத்து, தோள், வயிறு, அடி என்று கலத்தின் உறுப்புகளுக்கு மனித உடலின் பெயர்களையே இட்டு வழங்குவது தமிழ் மரபு. ஓர் உறுப்பு மிகுந்து ஒன்று குறைந்தால் கலத்தின் தோற்றம் கெடும். தண்ணீரை மிகுதியாகப் பயன்படுத்தினால் சுவர் தளர்ந்து சரியும். அவசரப்பட்டுக் கையை வெடுக்கென எடுத்தால் அந்த வேகமே கலத்தைக் கோணலாக்கும்.

பயிற்சிக் கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு. மாணவர் அரும்பாடுபட்டு முதன்முதலாக நன்றாக எழுப்பிய கலத்தை, ஆசிரியர் கம்பியால் நெடுக்காக இரண்டாக அறுக்கச் சொல்வார். இது கொடுமையன்று. அறுத்த சுவரைக் கண்ட பிறகே, அடியில் மண் தேவையின்றித் தங்கியிருப்பதும், நடுவில் அளவுக்கு மீறி மெலிந்திருப்பதும் விளங்கும். வெளித்தோற்றத்தை மட்டும் கண்டு மகிழ்ந்தவர் உட்புறத்தை அறியமாட்டார். அறுத்த துண்டுகள் தொட்டியிலுள்ள மண்ணோடு சேர்ந்து ஊறி மீண்டும் சக்கரத்துக்கு வரும். எதுவும் வீணாவதில்லை.

வனைந்த கலம் ஓரிரு நாள் நிழலில் உலர்ந்து, கையால் எடுக்குமளவு இறுகியதும், அதைச் சக்கரத்தில் தலைகீழாகக் கவிழ்த்து, இரும்புக் கருவியால் அடிப்பகுதியைச் சீவி, நிற்பதற்கு வளையம் அமைப்பர். கோடு கீறுதல், முத்திரை பதித்தல், நிற மண்குழம்பு பூசுதல் முதலிய அலங்காரங்களும் இந்தப் பதத்திலேயே செய்யத்தக்கவை. பின்னர் மெதுவாக முழுவதும் உலரவிட வேண்டும். விளிம்பு முன்னும் அடி பின்னுமாக உலர்ந்தால் வெடிப்பு விழும். ஆகவே துணியாலோ பாலிதீன் தாளாலோ மூடி வைத்துக் காற்றை அளந்தே விடுவார்கள்.

நெருப்பின் வேலை

சூளையில் வைக்கும் வரை மண் மண்ணே. தண்ணீரில் இட்டால் கரைந்துவிடும். நெருப்பே அதைக் கலமாக்குகிறது. ஈரம் எஞ்சிய கலத்தை விரைந்து சூடேற்றினால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் விரிய முயன்று, கலத்தைச் சிதறடிக்கும். ஏறத்தாழ 600 பாகை செல்சியசை எட்டுவதற்குள், களிமண்ணோடு வேதியியல் முறையில் இணைந்திருக்கும் நீரும் வெளியேறிவிடுகிறது. அதன்பின் அம்மண் தண்ணீரில் கரையாது. சக்கரத்துக்கும் திரும்ப வராது.

எரேமியா நூலின் 18-ஆம் அதிகாரத்தில் குயவர் கையில் கெட்டுப்போன கலம் மீண்டும் வேறு கலமாக வனையப்படுகிறது. அடுத்த அதிகாரத்திலோ இறைவாக்கினர் சுட்ட மட்கலத்தை வாங்கி உடைக்கிறார். அது மீண்டும் ஒட்டாது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்போர், சூளைக்கு முன்னும் பின்னும் உள்ள வேறுபாட்டை அந்நூல் எவ்வளவு கூர்மையாக அறிந்திருந்தது என்று வியப்பர். நல்ல கைவினைஞர் வனைந்தவை அனைத்தையும் சுடுவதில்லை. ஆதிச்சநல்லூர்த் தாழிகள் பல நூற்றாண்டுகளைக் கடந்து நம் கைக்கு வந்திருக்கின்றன. அவ்வளவு காலம் நிற்கக்கூடிய ஒன்றைச் சூளைக்கு அனுப்புமுன் இது தகுமா என்று கேட்டுக்கொள்வது அவருடைய கடமை.

நம் ஊர்ப்புறச் சூளைகளில் விறகும் வைக்கோலும் வறட்டியும் இட்டுச் சுடும் மண்பாண்டம் ஏறத்தாழ 700 முதல் 900 பாகை வரையான வெப்பத்தையே காண்கிறது. அதன் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால்தான் பானை நீர் குளிர்கிறது. அலங்காரக் கலங்களில் ஒரு பகுதி இன்று 'ஸ்டோன்வேர்' என்னும் வகையைச் சார்ந்தது. அது 1200 முதல் 1300 பாகை வரை சூடேற்றப்படுவதால் கல்போல் இறுகி, நீர் கசியாத கலமாகிறது. நம் வீட்டு ஊறுகாய் ஜாடி இவ்வகையைச் சேர்ந்ததே. உலர்தலிலும் சுடுதலிலுமாக இக்கலம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு சுருங்கும். 24 சென்டிமீட்டர் உயரத்தில் வனைந்த பூச்சாடி 21 சென்டிமீட்டராக வெளிவரும்.

அதன் மேலிருக்கும் பளபளப்பான மெருகு உண்மையில் மெல்லிய கண்ணாடிப் படலம். மணற்சத்தாகிய சிலிக்கா, களிமண், உருகுதலை எளிதாக்கும் பெல்ட்ஸ்பார், சுண்ணாம்பு அல்லது விறகுச் சாம்பல் ஆகியவற்றை நீரில் கரைத்து, ஒருமுறை சுட்ட கலத்தின்மீது பூசி, மீண்டும் சுடுவர். இரும்புச் சத்தே பெரும்பாலும் நிறம் தருகிறது. சூளையில் காற்று நிரம்பப் புகுந்தால் அது தேன் நிறமோ பழுப்போ காட்டும். காற்றைக் குறைத்துப் புகை சூழச் சுட்டால், அதே இரும்பு சிறிய அளவில் இருக்கும்போது வெளிர் பச்சையைக் காட்டும். சூளைக் கதவைத் திறக்கும் வரை முடிவு எவருக்கும் உறுதியன்று. பல வார உழைப்பு ஒரே இரவில் பழுதாவதும் உண்டு.

அலங்காரம் ஆடம்பரமா?

"குடிக்கத் தண்ணீர்ப் பானை வேண்டும், பூச்சாடி எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். வறியவர் பலர் வாழும் நாட்டில் இஃது எண்ணத்தக்க கேள்வியே. ஆயினும் ஏழையின் குடிசை வாயிலிலும் கோலம் உண்டு என்பதை மறக்கலாகாது. அழகை நாடுவது செல்வத்தின் அடையாளமன்று, மனிதத்தின் அடையாளம். அழகைத் தன் பெருமைக்காகக் காட்சிப் பொருளாக்குவதே ஆடம்பரம். பூச்சாடி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, அதில் எத்தனை வேலைப்பாடு இருக்கிறது என்று எண்ண வேண்டா. பூவை வைத்தால் சாயாமல் நிற்கிறதா, அடியிலிருந்து வாய் வரை கண் தடையின்றி ஓடுகிறதா, பூவைவிடத் தன்னையே காட்டிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று காண்க. மெருகிடாத மண்சாடியாயின் நீர் கசியும். உள்ளே ஒரு கண்ணாடிக் குவளையை வைத்துப் பயன்படுத்தினால் மேசையும் பீடத்து விரிப்பும் கறைபடா.

புதுச்சேரி தரும் சான்று

நம் நாட்டில் இக்கலையைப் புதிய முறையில் வளர்த்தவர்களுள் சர்தார் குர்சரண் சிங் குறிப்பிடத்தக்கவர். 1919-இல் ஜப்பான் சென்று கற்றுத் திரும்பிய அவர், 1952-இல் தில்லியில் தம் தொழிற்கூடத்தை நிறுவினார்; 1991-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். நம் பகுதிக்கு அண்மையான சான்று புதுச்சேரியிலுள்ள 'கோல்டன் பிரிட்ஜ்' மட்கலக் கூடம். ஜப்பானில் பயின்ற டெபோரா ஸ்மித் அம்மையாரும், ரே மீக்கர் என்பவரும் 1971-இல் அதைத் தொடங்கினர். அமெரிக்கர்களாகிய அவர்கள் உள்ளூர்த் தமிழர்களுக்கு ஸ்டோன்வேர் வேலையைக் கற்பித்தனர். அங்குப் பயின்றவர்களாலும் அவர்களைப் பின்பற்றியவர்களாலும் புதுச்சேரி, ஆரோவில் வட்டாரத்தில் பல சிறு தொழிற்கூடங்கள் எழுந்தன. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர் வந்து கற்றுச் சென்றனர். ஓரிடத்தில் பொறுமையோடு ஊன்றிய தொழில் ஒரு வட்டாரத்துக்கே பிழைப்பாவதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

மறக்கலாகாத மனிதர்

இங்கே ஒன்றை அழுத்திக் கூற விழைகிறோம். நகரத்துக் கடையில் ஒரு பூச்சாடிக்குப் பேரம் பேசாமல் பெருந்தொகை கொடுப்பவர்களே, ஊர்ச் சந்தையில் பானை விற்கும் மூதாட்டியிடம் பத்து ரூபாய்க்கு வாதாடுவதைக் காண்கிறோம். அந்தப் பானையை வனைந்தவர் கனத்த சக்கரத்தைக் கோலால் சுழற்றி, குந்தியமர்ந்து வேலை செய்தவர். சக்கரத்திலிருந்து எடுத்த பிறகும், உள்ளே கல்லை வைத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை உருண்டையாக்கியவர். அடுப்பு நெருப்பைத் தாங்குவதற்கு அந்த உருண்டை அடியே ஏற்றது. அத்திறமை எந்த அலங்காரக் கலைஞரின் திறமைக்கும் தாழ்ந்ததன்று. மழைக்காலத்தில் உலர்த்தலும் சுடுதலும் தடைப்பட்டு அவர் வருமானம் நின்றுவிடுகிறது. ஏரி, குளங்களிலிருந்து களிமண் எடுக்க அனுமதி பெறுவதும் நெடுங்காலம் பெருந்தொல்லையாக இருந்தது. வட்டாட்சியரிடமே கட்டணமின்றி அனுமதி பெறலாம் என்று தமிழக அரசு 2024-இல் வழிசெய்தது. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இவை நல்ல செய்திகள். எனினும், வாங்குவோர் நியாய விலை கொடுக்காவிடில் சான்றிதழால் அடுப்பு எரியாது.

பெற்றோருக்கு நம் மறுமொழி

தந்தையின் அச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். மகள் பிற்காலத்தில் தன் காலில் நிற்பாளா என்பதே அவருடைய கவலை. ஆகவே சில கருத்துகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, சக்கரமும் சூளையும் வாங்கிக் கொடுக்க விரைய வேண்டா. நல்ல ஆசிரியரிடம் சில மாதங்கள் கற்கட்டும். அழகிய சாடியைக் கண்டு வந்த ஆசையா, தினமும் மண் பிசைந்து, பாத்திரம் கழுவி, உடைந்ததை எண்ணி, மறுநாள் மீண்டும் அமரும் மனமா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

இரண்டாவது, உடல்நலம். உலர்ந்த களிமண் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். தொழிற்கூடத்தைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். மெருகுப் பொடிகளைக் கலக்கும்போது தகுந்த முகமூடி அணிய வேண்டும். உணவுக்குரிய கலங்களில் ஈயம் கலந்த மெருகு கூடவே கூடாது. காற்றோட்டமில்லாத அறையில் சூளை எரிக்கலாகாது.

மூன்றாவது, வருமானம். கலங்களை விற்றே வாழ்வது தொடக்கத்தில் அரிது. கற்பித்தலையும் சேர்த்துக்கொள்வோர் பலர். தன் படிப்புக்கேற்ற வேறொரு பணியைப் பகுதி நேரமாகச் செய்துகொண்டே கற்பதில் இழிவு எதுவும் இல்லை. எத்தனை ஆண்டு முயல்வது என்று தந்தையும் மகளும் இப்போதே அமர்ந்து பேசி முடிவு செய்துகொள்ளட்டும். செலவுக் கணக்கை மகளே எழுதி வைக்கட்டும்.

நான்காவது, அவள் தன் வட்டாரத்துக் குயவர் ஒருவரிடமும் சிறிது காலம் பயில வேண்டும். பயிற்சிக்கு உரிய ஊதியத்தை அவருக்குக் கொடுத்து, 'ஐயா' என்று மதிப்போடு அழைத்துக் கற்க வேண்டும். மண்ணின் இயல்பை அவரைப்போல் அறிந்தவர் அரியர்.

தாய்க்கும் ஒரு சொல். மகிழ்ச்சி ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளற்க. சூளையில் ஒரு முழுச் சுமையும் பழுதாகிப்போன நாளில் மகளிடம் மகிழ்ச்சி இராது. அன்றும் அவள் சக்கரத்துக்குத் திரும்புவாளாயின், அத்தொழில் அவளுக்குரியதே. அன்று அவளுக்குத் தேவைப்படுவது அறிவுரையன்று. ஒரு தம்ளர் காப்பியும், உடைந்த துண்டுகளை உடனிருந்து பொறுக்கும் கையும். அந்தக் கை தந்தையின் கையாக இருக்குமானால் நாம் பெரிதும் மகிழ்வோம்.

படித்த பெண் மண் பிசைவதால் படிப்பு வீணாவதில்லை. மெருகின் கலவையை அளப்பதற்கும், சூளையின் வெப்பத்தைக் கணிப்பதற்கும், நேர்மையாக விலை குறிப்பதற்கும் அப்படிப்பு வேண்டும். உழைத்து உண்பதற்கு மகள் தேர்ந்த தொழில் நேர்மையானதாயின், அக்கம்பக்கத்தார் ஏதேனும் சொல்வர் என்பதற்காக அதைத் தடுத்தல் தகாது. ஓராண்டுக் காலமேனும் அவளுக்கு வாய்ப்பளியுங்கள் என்பதே நம் மறுமொழி.

இறைவன் உங்கள் இல்லத்தையும், அதில் உழைக்கும் ஒவ்வொரு கையையும் ஆசீர்வதிப்பாராக.